சிங்கங்களுக்கு நடுவே ஒரு பெண் பார்ப்பு

ரொறொன்ரோவில் அப்போது கோயில் இல்லை. அதனால்தான் எங்கள் மாமியைச் சிங்கங்களுக்கு நடுவில் வைத்துப் பெண் பார்க்க வேண்டி வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் பிள்ளைகள் கோயிலுக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோயில் இருக்கிறது. அவர்களுக்கு அது விளங்காது. எழுபதுகளில் எங்களுக்கு இருந்ததெல்லாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மோர்னிங்சைட் பக்கம் ஒருவருடைய வீட்டு நிலவறையில் நடக்கும் பூசைதான். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மேல் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் சாமி படங்களை வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழர் அத்தனை பேரும் அங்கே வருவார்கள். அங்கே வைத்து ஒரு பெண்ணை யாருக்காவது காட்டினால் சுண்டல் கொடுத்து முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் பெண்ணை முதலில் கோயிலில் வைத்துக் காட்டுவது வழக்கம். இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்ததுபோல வெளிவீதியில் சந்திப்பார்கள். அட, நீங்களும் வந்தனீங்களோ என்று ஆச்சரியப்படுவார்கள். பிடித்திருந்தால் பேச்சு மெல்ல வீட்டுக்கு வரும். பிடிக்காவிட்டால் எதுவுமே நடக்கவில்லை. சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம். ஒருவருடைய மானமும் போகாது. இந்த ஏற்பாட்டைக் கனடாவிலும் விடுவதில்லை என்று அப்பா பிடிவாதமாக நின்றார். அதற்குக் காரணம் மாமி.

மாமி என்று நான் சொல்வது அப்பாவின் தங்கையை. எங்கள் ஊரில் அப்பாவின் கூடப்பிறந்தவள் மாமிதான். ஒரு பனிக்காலத்தில், அந்தக் குளிருக்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய கோட்டோடு வந்து இறங்கி, வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் என் அறையைப் பங்கு போட்டுக்கொண்டார். படிக்க வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. மாலை வகுப்புக்குப் போய்வந்ததும் உண்மைதான். ஆனால் ஊரைவிட்டு வந்த காரணம் வேறு. அவருக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகி, அழைப்பிதழ் கொடுத்து முடிந்த பிறகு, அந்த மனிதருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்தது. பார்த்ததாகச் சொன்ன வேலையும் அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னது பொய். அவரைப் பற்றி அவருடைய வீட்டார் சொன்னதெல்லாம் அதைவிடப் பெரிய பொய். தாய் தகப்பன் இல்லாத தங்கையை ஊர் வாய்க்குள் விட்டுவைக்க மனமில்லாமல் அப்பா கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தவை. எனக்கு அப்போது ஏழு வயது. மாமி ஏன் தொலைபேசி அடித்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறார் என்பதுகூடத் தெரியாது. இங்கே வந்த பிறகு இரண்டு சம்பந்தங்கள் பேசி வந்தன. இரண்டையும் மாமி வேண்டாம் என்றார். முதலாமவர் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறார் என்றார். இரண்டாமவர் கதைக்கவேயில்லை, அவருடைய தகப்பன்தான் எல்லாம் கதைத்தார் என்றார். அதற்குப் பிறகு, இனி ஒருவரும் என்னைப் பார்க்கவென்று வீட்டுப்படி ஏறக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா தங்கைக்குக் கோபமாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர். சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருப்பார். மாமி இனி யாரையாவது நம்புவாரா என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டின் கவலை.

அந்த நேரத்தில்தான் மூன்றாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாம்பியாவில் சில காலம் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். மிசிசாகாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. அவருடைய அக்காதான் பேச்சைக் கொண்டுவந்தவர். தொலைபேசியில் அவர் அம்மாவோடு கதைப்பது வரவேற்பறை முழுக்கக் கேட்கும். தம்பி ஆபிரிக்காவில் சிங்கங்களோடு சீவித்தவன் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சிங்கம் படுத்திருக்கும், தம்பி அதைச் சுற்றிக்கொண்டு நடந்துபோவான் என்றார். சிங்கத்தின் கண்ணுக்குள்ளே பார்த்தால் அது தலையைக் குனிந்துவிடும், அந்த வித்தை தம்பிக்குத் தெரியும் என்றும் சொன்னார். அம்மா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதை எங்களுக்கு மறுபடியும் சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இவையும் துவங்கிட்டினம்," என்றார் மாமி. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அப்பா கெஞ்சினார். வீட்டுக்கு வரமாட்டார்கள், கோயிலில் போல வெளியில் ஓரிடத்தில் தற்செயலாகச் சந்திப்போம், பிடிக்காவிட்டால் அதோடு சரி, நான் இனி இந்தக் கதையே எடுக்கமாட்டேன் என்றார். அந்தக் கடைசி வாக்குறுதிக்காகத்தான் மாமி சம்மதித்திருக்க வேண்டும். பிறகு இடம் தேடும் படலம். நயாகரா வேண்டாம், தண்ணீர் இரைச்சலில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. கடைத்தொகுதி மரியாதையாக இருக்காது. கடைசியில் அப்பாவின் வேலையிடத்தில் ஒருவர் சொன்னாராம், மேற்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓடினால் ஆபிரிக்க மிருகங்களைத் திறந்த வெளியில் விட்டிருக்கும் ஒரு பூங்கா இருக்கிறது, நம்முடைய காரிலேயே உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தமிழர் ஒருவரும் அங்கே வரமாட்டார்கள். மாப்பிள்ளையும் ஆபிரிக்காவில் இருந்தவர், அவருக்கும் பொழுது போகும். எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: நாளைக்குச் சிங்கம் பார்க்கப் போகிறோம், சிங்கத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு அங்கிளும் அங்கே வருவார்.

எங்களிடம் இருந்தது பழைய பச்சை நிற ஸ்டேஷன் வாகன். வேறொருவர் நன்றாக ஓடிக் களைத்துப்போன பிறகு அப்பா வாங்கியது. நீளமான வண்டி, கடைசியில், பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் ஒரு இருக்கை இருந்தது. அதற்கு முன்னால் பின்கதவின் பெரிய கண்ணாடி. எல்லோரும் போகும் வழியைப் பார்க்க, நான் மட்டும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போவேன். அந்த இருக்கை என் தனி ராச்சியம். அன்றைக்கு மாமி என்னோடு வந்து அதில் ஏறிக்கொண்டார். நீலச் சேலை, அதிகம் அலங்காரமில்லை. மடியில் விடியற்காலையில் எழுந்து தானே செய்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் நிறைந்த பெட்டி. பெண் கையால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

பூங்காவின் வாசலில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உடனே நாடகம் தொடங்கியது. அப்பா காரிலிருந்து இறங்கி, கைகளை விரித்து, என்ன ஆச்சரியம், நீங்களும் வந்தனீங்களோ என்றார். அந்த அக்கா அதைவிட ஆச்சரியப்பட்டு, நாங்களும் இப்போதுதான் வந்தோம், சிங்கத்தைப் பார்ப்போம் என்று திடீரென்று ஒரு எண்ணம் என்றார். ஜூலை வெயிலில், கூறைச்சேலைக்குக் குறையாத ஒரு பட்டைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, நேற்று நீங்கள்தானே இவர்களுக்குப் போன் எடுத்துப் பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா என் தோளில் கிள்ளினார். அந்த அக்காவுக்குப் பின்னால் நின்ற மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அவர்தான் மாப்பிள்ளை. எனக்கு வந்த ஏமாற்றத்தை என்னவென்று சொல்வேன். பெரிய தொப்பி, முழங்கால் வரை சப்பாத்து, தோளில் துவக்கு என்று நான் ஒரு ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இவரோ மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, கொஞ்சம் கூனல். எங்கள் பல்வைத்தியரைவிடச் சாதுவாக இருந்தார். ஆனாலும் வித்தை கண்ணில்தானே இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

எல்லோரும் எங்கள் வண்டியிலேயே போவோம் என்று அம்மா ஏற்பாடு செய்தார். விருந்தாளியை முன்னால் இருத்துவதுதான் மரியாதை என்று அப்பா அவரைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். நடுவில் அம்மாவும் அந்த அக்காவும். மாமி என் ராச்சியத்தை விட்டு அசையவில்லை. இப்படியாக, ஒருவரையொருவர் பார்க்கவென்று ஐம்பது அறுபது மைல் ஓடிவந்த இருவரும் வண்டியின் இரண்டு முனைகளில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா தலைக்கு மேல் இருந்த சிறு கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

முதலில் வரிக்குதிரைகள். பிறகு ஒட்டைச்சிவிங்கிகள். அதில் ஒன்று தலையைக் குனிந்து எங்கள் கண்ணாடிக்குள் பார்த்தது. அதன் கண்மயிர் அவ்வளவு நீளம். மாமிகூட ஒரு கணம் கையைக் கண்ணாடியில் வைத்தார். அக்காவின் பேச்சு நிற்கவேயில்லை. உதெல்லாம் தம்பிக்குப் பழகிப்போன சாமான், அங்கே வீட்டு முற்றத்தில் நிற்கும் என்றார். அக்கா, அது வந்து, என்று மாப்பிள்ளை இரண்டு தரம் தொடங்கினார். அக்கா விடவில்லை. ஒவ்வொரு கதைக்கும் மாமியின் உதடுகள் இன்னும் கொஞ்சம் இறுகுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கங்கள் இருந்த பகுதிக்குத் தனி வேலி, தனிக் கதவு. கண்ணாடிகளை முழுக்க மூட வேண்டும், எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது, வண்டி நின்றுபோனால் ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. அப்பா அதைத் தமிழில் இரண்டு தரம் உரத்துச் சொன்னார். உள்ளே போனால், அந்தப் பெரிய மிருகங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதர்களைப்போலப் புல்லில் சரிந்து கிடந்தன. ஒன்று நடுத்தெருவில் படுத்துவிட்டது. அதன் விருப்பம் தீரும்வரை எல்லாக் கார்களும் வரிசையாக நின்றன.

நின்றதும் எங்கள் வண்டியின் சூடு ஏறத் தொடங்கியது. பழைய வண்டி, ஓடிக்கொண்டிருந்தால் சமாளிக்கும், நின்றால் கொதிக்கும். முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஆவி வந்தது. அப்பாவுக்கு யாரோ ஒரு மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வித்தை ஒன்று உண்டு. இஞ்சின் கொதித்தால் வண்டிக்குள் இருக்கும் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். அது இஞ்சினின் சூட்டை இழுத்துக்கொள்ளும். வித்தை சரியானதுதான். ஆனால் ஜூலை மாத நடுப்பகலில், எல்லாக் கண்ணாடியும் பூட்டியிருக்க, பட்டுச்சேலைகளோடு ஆறு பேர் உள்ளே இருக்க, அதைச் செய்ய எங்கள் அப்பா ஒருவரால்தான் முடியும். அக்காவின் பேச்சு முதன்முறையாக நின்றது. அம்மாவின் நெற்றிக் குங்குமம் மூக்கில் இறங்கியது. சூட்டில் ரோல்ஸின் வாசனை வண்டி முழுக்கப் பரவியது. அப்பா மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஏதோ ஒரு சுவிட்சை அழுத்தினார்.

என் முகத்தில் நல்ல குளிர்ந்த காற்றுப் பட்டது. எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. இதை முதலே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் எங்களுக்கு முன்னால் இருந்த பின்கதவுக் கண்ணாடி சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதற்கான சுவிட்சும் ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அண்ணை, கண்ணாடி இறங்குது என்றார் மாமி. அப்பா பதறிப்போய் அதையே மறுபடி அழுத்தினார். கண்ணாடி இன்னும் இறங்கிப் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எப்படி அழுத்தினாலும் அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

வேலியோர மர நிழலில் படுத்திருந்த ஒரு பெண் சிங்கம் தலையைத் தூக்கியது. எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு எழுந்து, முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு நடந்து வரத் தொடங்கியது. ஓடி வரவில்லை. கடைக்குப் போகிறவர்கள் நடப்பதுபோல வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமி என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். நான் அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அக்கா முன் இருக்கையைப் பிடித்து உலுக்கினார். தம்பி, நீ அதை ஒருக்காப் பாரடா, கண்ணுக்குள்ள பாரடா, உனக்குத்தானே தெரியும் என்றார். அந்த நேரத்தில் அவர் தன் கதைகளைத் தானே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்கள். மாமியும் திரும்பிப் பார்த்தார். நான் நிம்மதியாகிவிட்டேன். சிங்கத்தோடு சீவித்தவர் எங்கள் வண்டியில் இருக்கிறாரே.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றார். "நான் சிங்கத்தை இண்டைக்குத்தான் முதன்முதலாக் காணுறன்."

சொல்லிக்கொண்டே அவர் இருக்கைக்கு மேலால் ஏறத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் முழங்காலை ஊன்றி, பட்டுச்சேலையை மிதித்து, மன்னியுங்கோ அக்கா, மன்னியுங்கோ என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லி, ஒரு சப்பாத்தை வழியில் விட்டுவிட்டு, எங்கள் பக்கத்தில் தலைகீழாக வந்து விழுந்தார். பிள்ளையை முன்னுக்கு விடுங்கோ என்றார். மாமி என்னைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தார். நீங்களும் போங்கோ என்று அவர் மாமியிடம் சொன்னார். மாமி போகவில்லை. பிறகு நடந்ததை எல்லாம் அம்மாவின் தோளுக்கு மேலால் பார்த்தேன்.

அவர் கண்ணாடியின் ஒரு பக்கத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி மேலே தள்ளினார். அது கோணலாகி இறுகியது. மாமியிடம் திரும்பினார்.

"எனக்குக் கை நடுங்குது. நீங்கள் அந்தப் பக்கம் பிடிச்சால் ரெண்டு பேருமாத் தூக்கலாம்."

மாமி பிடித்தார். அப்பா ஹோர்னில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணாடி கொஞ்சம் ஏறி, வழுக்கி, மறுபடியும் ஏறியது. பெண் சிங்கம் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றது. மேலே ஒரு கைப்பிடி அளவு இடைவெளி இருக்கும்போதே அது மூக்கை அங்கே கொண்டுவந்து மணந்தது. அதன் மூச்சு உள்ளே வந்தது. ஈரமான, பச்சை இறைச்சி மணம். நான் இருந்த இடத்துக்கே அது வந்தது, அவர்கள் இருவருக்கும் எப்படி இருந்திருக்குமோ. அதன் கண் பாலில்லாத தேத்தண்ணி நிறம். மீசையின் ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம் போல இருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு பயத்தோடு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கண்ணாடி கடைசியாக ஒரு தரம் முனகி, மேலே போய் முட்டியது. சிங்கத்தின் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து மறைந்தது. அது இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அலுப்போடு திரும்பி, எங்கள் வண்டியின் நிழலில் தொப்பென்று படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். அது வந்ததே அந்த நிழலுக்குத்தான்.

அம்மா அழவும் சிரிக்கவும் தொடங்கினார். அப்பா ஹோர்னிலிருந்து கையை எடுத்தார். ஆனால் அவர்கள் இருவரும் கையை எடுக்க முடியாது; எடுத்தால் கண்ணாடி மறுபடி வழுக்கிவிடும். ஆகவே கைகளை மேலே தூக்கியபடி, வேர்த்து ஒழுக, சேலைத் தலைப்பு ஒரு பக்கம், ஒற்றைக்கால் சப்பாத்து ஒரு பக்கமாக, முழங்காலில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூங்காவின் கோடு போட்ட ஜீப் வந்து, அதில் இருந்த செம்பட்டை முடிப் பையன் சிங்கத்தை எழுப்பி அனுப்பி, எங்கள் வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுத்து முடிக்கும்வரை அப்படியேதான். யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயில் வீதியிலும் ஒரு பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவ்வளவு நேரம் அவ்வளவு கிட்ட நிற்க விட்டிருக்கமாட்டார்கள். நடுவில் அவர் ஏதோ சொன்னார். மாமி ஏதோ பதில் சொன்னார். அக்காவின் புலம்பலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே மரத்தடியில் வண்டி ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். உயிர் தப்பிய சந்தோஷத்தில் எல்லோருக்கும் அகோரப் பசி. எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, ஆபிரிக்காவில் சிங்கம் பார்க்கவில்லையா, பள்ளிக்கூட வழியில் படுத்திருந்ததே, அதுவும் இல்லையா என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்தார். அவர் பரவாயில்லை என்று கைகாட்டிவிட்டு, பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல எனக்குப் பதில் சொன்னார்.

"இல்லைப் பிள்ளை. நான் இருந்தது ஒரு சுரங்கப் பட்டணம். அங்கை கோழியும் ஆடும்தான் கண்டனான். ஒருக்காப் பெரிய பாம்பு ஒண்டு வந்தது எண்டு சொல்லிச்சினம். நான் போய்ப் பார்க்கேல்லை, பயம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மானம் காற்றில் போகும்போது அவர் வேறு என்ன செய்வார். அப்போது மாமி எழுந்து, ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, அவருக்கு முன்னால் நீட்டினார். அவர் ஒன்றை எடுத்தார். இன்னும் ஒண்டு எடுங்கோ என்றார் மாமி. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கவனிக்கவில்லை, வண்டியின் மூடியைத் திறந்துவைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அப்பா தன்னையே நொந்துகொண்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், மாப்பிள்ளை வீட்டாரை அடுப்பில் வைத்து அவித்து, கடைசியில் சிங்கத்துக்கும் காட்டிவிட்டேன், இனி அவர்கள் எங்கள் தெருப்பக்கமே வரமாட்டார்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்து, மாமியை நிமிர்ந்து பார்க்காமல், சரி தங்கச்சி, நான் வாக்குக் கொடுத்தபடி இனி இந்தக் கதை எடுக்கவில்லை என்றார்.

"ஏன்?" என்றார் மாமி. "அவையளுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடினேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். அம்மா போய்க் குசினியில் கேத்திலை வைத்தார். மாமி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் மேல் இருந்த ஏதோ ஒரு பாரம் அந்த மாலையில் இறங்கிப்போனது எனக்கே தெரிந்தது. தொலைபேசி அடித்தது. மாமி எழுந்து போகாமல் அங்கேயே இருந்தார்.

எனக்கு மட்டும்தான் கவலை. படுக்கப்போகும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் தலைமயிரை வாரிக்கொண்டிருந்த மாமியிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். அந்த அங்கிளுக்குச் சிங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே, பாம்பு பார்க்கவும் பயமாமே, இன்றைக்கு அவருடைய கை நடுங்கியதை நான் கண்டேன் என்றேன்.

"ஓம்," என்றார் மாமி. "நானும் கண்டனான்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒருவருடைய கை நடுங்கியதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாமிக்கு வேறு வழியில்லை, அதனால் மனதைத் தேற்றிக்கொள்கிறார் என்று முடிவு செய்தேன். பாவமாக இருந்தது. விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் கைகூப்பி, பிள்ளையாரே, எங்கள் மாமிக்கு இவர் வேண்டாம், சிங்கத்துக்குப் பயப்படாத ஒரு நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். பிள்ளையாருக்கு என்னைவிட அனுபவம் கூட. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.